சுகர் நோயாளியின் கண்ணைப் பரிசோதிப்பது எப்படி? கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

"எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்கு இந்தச் சொட்டு மருந்தெல்லாம்?"

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வி உங்களிடம் வரும். பதிலை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: நன்றாகத் தெரிகிறபோதுதான் பார்க்க வேண்டும். மங்கலாகத் தெரிகிறது என்று ஒருவர் தானாக வந்தால், அவருக்கு வேண்டியது ஸ்கிரீனிங் இல்லை, கண் மருத்துவர். நம் வேலை முழுக்க முழுக்க, தனக்கு ஒன்றுமில்லை என்று நினைப்பவர்களோடுதான்.

கண்ணுக்குள் நடப்பது இதுதான். ரத்தத்தில் சர்க்கரை பல வருடங்கள் கூடுதலாகவே இருந்தால் விழித்திரையின் மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் பலவீனமாகிவிடும். சுவர் அங்கங்கே புடைத்துக்கொள்ளும், பிறகு கசியும். சில குழாய்கள் அடைத்துப்போகும். ரத்தம் போகாத பகுதி பிராணவாயுவுக்குத் தவித்து, புதுக் குழாய்களை வளரச் சொல்லிச் சமிக்ஞை அனுப்பும். அப்படி வளர்பவை நோஞ்சான் குழாய்கள், எப்போது வேண்டுமானாலும் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். இத்தனையும் நடக்கும்போது வலி கிடையாது, சிவப்பு கிடையாது. பார்வையின் மையமான மேக்குலா வீங்கும்வரை, அல்லது ரத்தம் கொட்டும்வரை, நோயாளி அட்டையின் கடைசி வரியைக்கூடப் படித்துவிடுவார். புதுக் குழாய்கள் வளர்ந்த கண்ணோடு 6/6 (குறையில்லாத பார்வை அளவு) படித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

முன்கூட்டியே கண்டுபிடித்தால் பலன் உண்டா என்ற சந்தேகம் வேண்டாம். முற்றிய கட்டத்தில் லேசர் வைத்தால் கடுமையான பார்வையிழப்பு பாதிக்கும் மேல் குறைகிறது என்று 1976-லேயே அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டிவிட்டது. 1980-ல் முறையான கண் பரிசோதனையைத் தொடங்கிய ஐஸ்லாந்தில் சர்க்கரை நோயால் பார்வை போவது வெகுவாகக் குறைந்தது. இங்கிலாந்து 2003-ல் நாடு தழுவிய திட்டத்தைத் தொடங்கியது. உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு ஐம்பது ஆண்டுகளாக முதல் காரணமாக இருந்த இந்த நோய், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2009-10 கணக்கெடுப்பில் அந்த இடத்திலிருந்து இறங்கியது. லேசர் அதற்கு முன்பே இருந்தது. அது தேவைப்பட்டவர்களை நேரத்தோடு தேடிப் பிடித்ததுதான் புதிது.

முதலில் பட்டியல், அப்புறம் கேமரா

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் நேராக, விழித்திரையைப் படமெடுக்கும் கேமராவிடம்தான் போவார்கள். நீங்கள் நோட்டை எடுங்கள். உங்கள் மையத்தில் சர்க்கரைக்கு மருந்து வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வரி வேண்டும்: பெயர், எந்த வகை, எந்த ஆண்டில் தெரிந்தது, கடைசியாகக் கண்படம் எடுத்த தேதி, முடிவு, அடுத்த தேதி. கடைசியில் ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன். கம்ப்யூட்டரில் இருந்தாலும் சரி, கோடு போட்ட நோட்டில் இருந்தாலும் சரி. சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் மருந்துச் சீட்டுகளோடு ஒப்பிட்டால், பட்டியலில் இல்லாத பத்துப் பேராவது சிக்குவார்கள்.

யாருக்கு எப்போது? டைப் 2 என்றால் நோய் தெரிந்த உடனேயே. தெரிவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே சர்க்கரை ஏறியிருக்கலாம், சிலருக்கு முதல் படத்திலேயே பாதிப்பு இருக்கும். டைப் 1 திடீரென்று ஆரம்பிப்பதால் ஐந்து வருடத்துக்குள் முதல் படம் எடுத்தால் போதும் என்பது பொதுவான வழிகாட்டல். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால், முதல் மூன்று மாதத்துக்குள் பார்க்க வேண்டும், கர்ப்பகாலம் முழுக்கக் கண்காணிக்கவும் வேண்டும், ஏனென்றால் அந்தச் சமயத்தில் விழித்திரைப் பாதிப்பு வேகமெடுக்கும். கர்ப்பத்தில் மட்டும் வந்த சர்க்கரைக்கு இந்த ஸ்கிரீனிங் தேவையில்லை.

மற்றவர்களுக்கு வருடம் ஒருமுறை. பாதிப்பே இல்லாமல் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும் என்று சில திட்டங்கள் மாறியிருக்கின்றன. என்னைக் கேட்டால், தேதி வந்ததும் தானாக நினைவூட்டுகிற ஏற்பாடு இல்லாத இடத்தில் வருடாவருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "போன வருஷம் இதே மாசம் எடுத்தோம்" என்பது நோயாளிக்கும் ஞாபகம் இருக்கும். இரண்டு வருட இடைவெளி மூன்றாகி, நான்காகிவிடும்.

இன்னொரு கூட்டத்தையும் பட்டியலில் குறித்துவையுங்கள்: பல வருடங்கள் சர்க்கரை தாறுமாறாக இருந்து, இப்போது இன்சுலினோ செமாக்ளூடைடு போன்ற வலுவான மருந்தோ தொடங்கப் போகிறவர்கள். சர்க்கரை மளமளவென்று இறங்கும்போது ஏற்கெனவே பாதித்த விழித்திரை கொஞ்ச காலம் மோசமாவது உண்டு. அதற்காக மருந்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. தொடங்குமுன் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

உட்கார வைத்துக் கேட்க வேண்டியவை

திடீரென்று ஒரு கண் மங்கியதா, கரும்புள்ளிகள் மழை போல விழுகின்றனவா, திரை இழுத்தது போல ஒரு பக்கம் மறைகிறதா, நேர்க்கோடு வளைந்து தெரிகிறதா? இதில் ஏதாவது ஒன்றுக்கு "ஆமாம்" என்றால் படம், மதிப்பீடு என்று உட்கார்ந்திருக்காதீர்கள். கண் மருத்துவமனைக்குப் போன் போடுங்கள், திடீர்க் குறைகளுக்கு அன்றைக்கே அனுப்புங்கள்.

கண் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போடுவதாக இருந்தால் மேலும் மூன்று: முன்பு இந்தச் சொட்டுக்கு ஒவ்வாமை வந்ததா, கண் அழுத்தம் திடீரென ஏறி அவதிப்பட்டது உண்டா, இன்றைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாரா? மூன்றாவதை மறப்பவர்கள்தான் அதிகம். எல்லாம் முடிந்த பிறகு "சாவி எங்கே" என்று அவர் எழும்போதுதான் நமக்கு உறைக்கும்.

பார்வை அளவு: சொட்டுக்கு முன்பு

இந்த வரிசையை ஒருநாளும் மாற்றாதீர்கள். சொட்டு போட்ட பிறகு எடுத்த பார்வை அளவு குப்பைக்குத்தான் போகும்.

அட்டை எந்த தூரத்துக்கு அச்சடித்ததோ அந்த தூரம், நல்ல வெளிச்சம். தூரத்துக் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டே படிக்கட்டும். படிக்கும் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்க்கிறாரா என்று ஒரு தடவை பாருங்கள், இது அடிக்கடி நடக்கும். வலது கண் முதலில். மற்றக் கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள், விரல்களால் மூடினால் இடுக்கு வழியாகப் பார்ப்பார், அழுத்தினால் அந்தக் கண் சிறிது நேரம் மங்கும். இடது கண்ணுக்கு வரியை வலமிருந்து இடமாகப் படிக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் ஒப்பித்த பழக்கம், ஒரு தடவை படித்த வரியை மனம் பிடித்துக்கொள்ளும். எழுத்துப் படிக்காதவர்களுக்கு ஆங்கில "E" வடிவ அட்டை. கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கையால் காட்டட்டும்.

6/12-க்குக் கீழே என்றால் பின்ஹோல் தகடு (சிறு துளை போட்ட மறைப்பு) வைத்து மறுபடி பாருங்கள். தெளிவானால் பெரும்பாலும் கண்ணாடிப் பவர் பிரச்சினை. தெளிவாகவில்லையென்றால் படம் எப்படி இருந்தாலும் அனுப்பத்தான் வேண்டும். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸின் பவரும் கூடக்குறைய ஆகும் என்பதால், சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களில் புதுக் கண்ணாடி வாங்க அவசரப்பட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

சொட்டு மருந்து

இருட்டறையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் பலருக்குச் சொட்டு இல்லாமலே படம் விழும், இந்தக் கேமராக்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை. பெரும்பாலான கேமராக்களுக்குக் கண் பாவை 4 மி.மீ. அளவாவது விரிய வேண்டும். வயதானவர்களுக்கும் வெகுகாலமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கும் பாவை சிறுத்தே இருக்கும். முதலில் இல்லாமல் முயலுங்கள், மங்கினால் போடுங்கள்.

டிராபிகாமைடு ஒரு சொட்டு. கீழிமையை மெல்ல இழுத்து, உருவாகும் பையில் விடவும். புட்டியின் முனை இமையைத் தொடக் கூடாது. கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை ஒரு நிமிடம் அழுத்தச் சொல்லுங்கள். இருபது நிமிடத்தில் விரியும். நான்கு முதல் ஆறு மணி நேரம் அருகில் உள்ளது மங்கும், வெயில் கூசும்; அதுவரை வண்டி ஓட்டக் கூடாது. வீட்டுக்குப் போன பிறகு கண் வலித்து, சிவந்து, தலைவலியும் வாந்தியும் வந்தால் உடனே வரச் சொல்லுங்கள். கண் அழுத்தம் திடீரென ஏறுவது அபூர்வம்தான், ஆனால் அது அவசரம். ஃபினைல்எஃப்ரின் கலந்த சொட்டு ரத்த அழுத்தத்தையும் ஏற்றலாம் என்பதால் அதை மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

படம் எடுப்பது

ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டு படம், ஒவ்வொன்றும் 45 டிகிரி: ஒன்றின் நடுவில் மேக்குலா, மற்றதன் நடுவில் பார்வை நரம்பின் வட்டு. வலது கண் முதலில், எப்போதும்.

நாற்காலியை உயர்த்துங்கள், நோயாளியைக் குனிய வைக்காதீர்கள். தாடை தாங்கியில் தாடையும் பட்டையில் நெற்றியும் முழுவதும் பதிய வேண்டும். அரை அங்குலம் பின்னால் போனால்கூடப் படம் கெடும். அப்புறம் இப்படிச் சொல்லுங்கள்: "ரெண்டு தடவை இமைச்சுக்குங்க. இப்ப நல்லா விரிச்சு, பச்சைப் புள்ளியைப் பாருங்க." இமைத்த உடனே கண்ணீர்ப்படலம் சீராக இருக்கும், அந்த ஒரு நொடியில் பிளாஷை அடியுங்கள். மேலிமை தொங்கினால் ஒரு விரலால் தூக்கிப் பிடிக்கலாம். சொட்டு போடாத கண் என்றால், முதல் பிளாஷுக்குப் பிறகு இரண்டு பாவைகளும் சுருங்கிவிடும், சில நிமிடம் இருட்டில் விட்டுத்தான் அடுத்த படம். அவசரப்பட்டால் கறுப்பாகத்தான் வரும்.

இனி என் சொந்தத் தவறுகள் இரண்டு. முதல் மாதத்தில் ஒருவருக்கு இரண்டு வலது கண்ணைப் பதிவு செய்துவிட்டேன். இடது கண்ணுக்கு மாறும்போது பொத்தானை மாற்றவில்லை. படத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்திருக்கலாம்: மேக்குலா நடுவில் உள்ள படத்தில், வெளிர்மஞ்சள் வட்டு உங்களுக்கு வலப்பக்கம் இருந்தால் அது வலது கண், இடப்பக்கம் இருந்தால் இடது கண். சேமிக்கும் முன் ஒவ்வொரு முறையும் இதைப் பாருங்கள்.

இரண்டாவது, தொடர்ந்து மூன்று நோயாளிகளுக்கு மேக்குலாவுக்குச் சற்று மேலே ஒரே இடத்தில் ஒரே சாம்பல் புள்ளி. மூவருக்கும் ஒரே இடத்தில் ஒரே நோய் வராது. லென்ஸில் என் விரல் ரேகை இருந்தது. அன்றிலிருந்து காலையில் முதல் வேலை, லென்ஸ் துடைப்பதற்கென்று உள்ள தாளால் துடைத்து, ஒரு சோதனைப் படம் எடுப்பது. சட்டை நுனியால் துடைக்காதீர்கள், கோடு விழுந்தால் அந்த லென்ஸ் அவ்வளவுதான். ஓரத்தில் பிறை போல மங்கல் வந்தால் லென்ஸில் தவறில்லை, கேமரா நேராக இல்லை அல்லது தூரம் சரியில்லை.

படம் நன்றாக வந்ததா என்பதற்கு என் அளவுகோல் ஒன்றே: மேக்குலாவைச் சுற்றி ஓடும் மிக நுண்ணிய குழாய்கள் தெரிகின்றனவா? இரண்டு தடவை முயன்றும் தெரியவில்லையென்றால், "மதிப்பிட முடியவில்லை" என்று எழுதி கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். பெரும்பாலும் கண்புரைதான் காரணமாக இருக்கும், ஆனால் புரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. ஒன்றும் தெரியாத படத்துக்கு "நார்மல்" என்று போடுவதுதான் இந்த வேலையிலேயே பெரிய குற்றம் என்பேன்.

கேமரா இல்லை, கையில் பிடிக்கும் ஆஃப்தால்மாஸ்கோப்தான் இருக்கிறது என்கிறீர்களா? அதில் ஒரு நேரத்தில் விழித்திரையின் மிகச் சிறு துண்டுதான் தெரியும். பழகாத கைக்கு அதில் எதுவும் தெரியாததற்கு, எதுவும் இல்லை என்று பொருளில்லை. கேமரா உள்ள இடத்துக்கு அனுப்புங்கள்.

படத்தில் என்ன தெரிகிறது

மதிப்பீட்டைப் பயிற்சி பெற்றவர் செய்வார், சில இடங்களில் மென்பொருள் செய்யும். இருந்தாலும் நீங்களும் பார்க்கப் பழகுங்கள். குண்டூசி முனை போன்ற சிவப்புப் புள்ளிகள் என்றால் புடைத்த குழாய்கள், இதுதான் முதல் அடையாளம். கொஞ்சம் பெரிய, மை தெறித்தது போன்றவை ரத்தக்கசிவு. ஓரம் கூர்மையாக, மெழுகு மஞ்சளில் இருப்பவை கசிந்த கொழுப்பு. இவை மேக்குலாவுக்கு ஒரு வட்டு அகலத்துக்குள் இருந்தால் அங்கே வீக்கம் இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். படம் தட்டையானது, வீக்கத்தை நேராகக் காட்டாது. பஞ்சு போன்ற வெளிர் திட்டுகள் ரத்தம் போகாத இடங்கள், அவை அதிக ரத்த அழுத்தத்திலும் வரும். சிரைகள் மணிமாலை போலப் புடைத்துப் புடைத்து ஓடினால் நிலைமை முற்றிக்கொண்டிருக்கிறது. வட்டின் மேல் தலைமுடிச் சிக்கல் போல மெல்லிய குழாய்கள் தெரிந்தால், அதுதான் புதுக் குழாய்.

இதை ஐந்து படிகளாகப் பிரிப்பார்கள்: பாதிப்பில்லை, லேசானது, நடுத்தரம், கடுமையானது, புதுக் குழாய் வளர்ந்தது. முதல் இரண்டும் நம்மிடமே இருக்கலாம், அடுத்த தேதி மட்டும் தவறக் கூடாது. நடுத்தரம் என்றால் 6 முதல் 12 மாதத்துக்குள் கண் மருத்துவர் பார்க்க வேண்டும், கடுமையானதற்கு 3 மாதத்துக்குள், புதுக் குழாய்க்கும் மேக்குலாவின் மையத்தைத் தொட்ட வீக்கத்துக்கும் ஒரு மாதத்துக்குள். சர்வதேச கண் மருத்துவக் கவுன்சிலின் வழிகாட்டல் ஏறக்குறைய இதுதான். உங்கள் திட்டத்தில் இதைவிடக் குறுகிய கெடு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கடுமையான கட்டத்தில் உள்ள கண்களில் ஏறக்குறைய பாதி, சிகிச்சை இல்லாவிட்டால் ஒரே வருடத்தில் புதுக் குழாய்க் கட்டத்துக்குப் போய்விடும்.

மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவர் பார்க்காமலே தானே முடிவு சொல்லும் முதல் கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஏப்ரலில் அனுமதி தந்தது. பத்து முதல்நிலை மையங்களில் நடந்த சோதனையில், அனுப்ப வேண்டிய நூறு பேரில் 87 பேரை அது சரியாகப் பிடித்தது. நல்ல எண்தான். ஆனால் மிச்சம் 13 பேர் இருக்கிறார்கள், ஆகவே "மெஷின் சொல்லிடுச்சு" என்று பார்வைக் குறையையோ நோயாளி சொல்லும் தொந்தரவையோ ஒதுக்காதீர்கள். அது தேடுவது இந்த ஒரு நோயைத்தான், கண் அழுத்த நோயான குளுக்கோமாவைத் தேடச் சொல்லி அதற்கு யாரும் சொல்லவில்லை.

முடிவைச் சொல்வது

"கண்ணுல பிரச்சினை" என்று ஆரம்பித்தால் அதற்குப் பிறகு சொல்வது எதுவும் காதில் விழாது. படத்தைத் திருப்பிக் காட்டுங்கள். தன் கண்ணின் உட்புறத்தை முதன்முதலாகப் பார்க்கும் முகத்தைக் கவனியுங்கள், பேசுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. "அம்மா, இந்தச் சிவப்புப் புள்ளி தெரியுதா? இங்க ரத்தம் கசிஞ்சிருக்கு. இப்ப பார்வைக்கு ஒண்ணும் ஆகலை. ஆகாம இருக்கத்தான் டாக்டர்கிட்ட அனுப்புறேன்."

பாதிப்பு இல்லாதவரிடமும் ஒரு நிமிடம் பேசுங்கள். சர்க்கரையைக் கறாராகக் கட்டுக்குள் வைத்த டைப் 1 நோயாளிகளுக்கு இந்தப் பாதிப்பு புதிதாக வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது என்று 1993-ல் வெளியான ஆய்வு காட்டியது. ரத்த அழுத்தத்தைக் குறைத்தாலும் கண் தப்புகிறது என்பது 1998-ல் டைப் 2 நோயாளிகளிடம் தெரிந்தது. எனவே படம் எடுத்த நாளிலேயே ரத்த அழுத்தத்தையும் பார்த்து, கடைசி ஏ1சி (ஏறக்குறைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று சீட்டில் எழுதுங்கள். "இது முழுக் கண் பரிசோதனை இல்லை, நடுவுல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா அடுத்த வருஷம்வரை காத்திருக்காதீங்க" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

காலியாக விட்ட கட்டம்

அந்தக் கட்டத்தின் தலைப்பு: "போனாரா?"

ஒருவருக்குக் கடுமையான கட்டம் என்று தெரிந்து, கடிதம் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினேன். அடுத்த வருடம் படத்துக்கு வந்தார். மருந்துச் சீட்டுகள் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை நீட்டினார். நான் எழுதிய கடிதம் உள்ளேயே இருந்தது, மடித்த மடிப்பு கலையாமல். "கண்ணுதான் நல்லாத் தெரிஞ்சுதே" என்றார். அந்த முறை எடுத்த படத்தில் புதுக் குழாய்கள் இருந்தன. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு வருடமாக நான் ஒரு போன்கூடப் போடவில்லை.

கடிதத்தைக் கையில் கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். அவர் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே கண் மருத்துவமனையில் தேதி வாங்குங்கள். எந்த நாள் வேலைக்குப் போகாமல் இருக்க முடியும், கூட வர யார் இருக்கிறார்கள் என்று கேட்டு அந்த நாளை வாங்குங்கள். லேசர், ஊசி என்ற வார்த்தைகளுக்குப் பயப்படுவார்கள்: கண்ணை மரத்துப்போக வைத்துத்தான் செய்வார்கள் என்றும், இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் என்றும் முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டில் போன் எடுப்பவரின் எண்ணையும் வாங்குங்கள்.

குறித்த தேதிக்கு மறுநாள் போன். போகவில்லை என்றால் காரணத்தைக் கேட்டு அதே கட்டத்தில் எழுதி, புதுத் தேதி. மூன்று முறை ஆகியும் போகவில்லையென்றால் அவருடைய சர்க்கரை மருத்துவரிடம் சொல்லுங்கள், அடுத்த முறை மருந்து வாங்க வரும்போது அவர் பேசட்டும். ஊர் மாறிப் போனவரின் பெயரை அடிக்கும் முன், புது இடத்தில் எந்த மையம் என்று கேட்டு, படத்தையும் முடிவையும் அங்கே அனுப்புங்கள். கண் மருத்துவரிடமிருந்து பதில் சீட்டு வந்து, "சிகிச்சையில் இருக்கிறார்" என்று நீங்கள் உங்கள் கையால் எழுதும்வரை அந்த வரியை மூடக் கூடாது.